பால்கோவா: விற்காத பாலின் கதை

விடியற்காலையில் பொதிகை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நிற்கும். செங்கோட்டையிலிருந்து ராத்திரி முழுக்க ஓடி வந்த ரயில். குரோம்பேட்டை, அஸ்தினாபுரம், செம்பாக்கம் பக்கம் வீடு இருப்பவர்கள் எழும்பூர் வரை போகாமல் இங்கேயே இறங்கிவிடுவார்கள். தூக்கக் கலக்கத்தோடு இறங்குகிற கூட்டத்தில் பத்தில் இரண்டு பேர் கையிலாவது ஒரு பை இருக்கும், அதற்குள் ஒரு பெட்டி, அதற்குள் பால்கோவா. அன்றைக்கு மதியம் காலேஜிலோ ஆபீஸிலோ அந்தப் பெட்டியைத் திறந்தால் ஐந்தே நிமிஷம்தான். காலி!

பெட்டியின் மேல் பெரும்பாலும் ஆண்டாள் படம் இருக்கும், இல்லாவிட்டால் கோபுரம் இருக்கும். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கோயில் எவ்வளவு பழசோ பால்கோவாவும் அவ்வளவு பழசு, ஆண்டாள் காலத்திலிருந்தே அந்த ஊரில் செய்கிறார்கள் என்றுதான். அப்படி இல்லை. கோயிலுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் வயது. கடையில் விற்கும் பால்கோவாவுக்கு நூறு வருஷம்கூட ஆகவில்லை. அந்த ஊரில் அது 1940-களில் ஆரம்பித்த வியாபாரம்.

அப்படியானால் ஆண்டாள் காலத்தில் இனிப்பே இல்லையா? இருந்தது. ஆண்டாளே சொல்லியிருக்கிறார். நாச்சியார் திருமொழியில் திருமாலிருஞ்சோலை அழகருக்கு ஒரு நேர்த்திக்கடன் வருகிறது: நூறு தடா வெண்ணெய், நூறு தடா அக்கார அடிசில். தடா என்றால் பெரிய பாத்திரம். அக்கார அடிசில் என்பது அரிசியைப் பாலிலேயே குழைய வேகவைத்து, வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிளறியது. இன்றைக்கும் மார்கழி 27-ம் நாள் கூடாரவல்லிக்குப் பெருமாள் கோயில்களில் அக்காரவடிசில் கிடைக்கும், வாங்கிச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரின் பழைய பால் இனிப்பு எது என்று கேட்டால் நியாயமாக அதைத்தான் சொல்ல வேண்டும். பெட்டியில் ஆண்டாள் படம் போடுவதென்றால் அக்காரவடிசில் பெட்டியில்தான் போட வேண்டும்!

பாலைச் சுண்டக் காய்ச்சுவதும் புதிய விஷயம் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாணியை ஆண்ட சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேஸ்வரன் எழுதிய மானசோல்லாசம் என்ற சமஸ்கிருத நூலிலேயே, பாலைக் காய்ச்சிக் குறுக்குவது பற்றி வருகிறது. தமிழ்நாட்டு வீடுகளில், முக்கியமாக பிராமணர் வீடுகளில், திரட்டுப்பால் என்று ஒன்று உண்டு. பாலை மணிக்கணக்காகக் காய்ச்சி, கெட்டியான பிறகு வெல்லம் போட்டுக் கிளறி எடுப்பார்கள். கல்யாணம், சீமந்தம், சீர் என்று வந்தால் கட்டாயம் இருக்கும். ருசியில் பால்கோவாவுக்கு அக்காள் என்று சொல்லலாம்.

ஆனால் திரட்டுப்பாலை யாரும் கடை வைத்து விற்கவில்லை. அது வீட்டுக்குள்ளேயே பிறந்து வீட்டுக்குள்ளேயே தீர்ந்துபோன பண்டம். ஒரு விசேஷத்துக்கு ஒரு பாத்திரம், அவ்வளவுதான். ஆகவே "பால்கோவாவை யார் கண்டுபிடித்தது?" என்று கேட்பதில் பெரிய பிரயோஜனம் இல்லை. பாலைக் காய்ச்சிக் கெட்டியாக்க உலகத்தில் எல்லாருக்கும் தெரியும் (அர்ஜென்டினாக்காரர்கள்கூட அவர்கள் பாணியில் செய்து ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிறார்கள்). கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதை விலை போட்டு, தினமும், கிலோ கணக்கில் விற்கலாம் என்று எப்போது, ஏன் தோன்றியது?

இதற்கு மூன்று பொருள் ஒரே இடத்தில் சேர வேண்டியிருந்தது. சீனி, கைத்தொழில் தெரிந்த ஆள், விற்காத பால்.

முதலில் சீனி. சென்னையில் சர்க்கரை என்று சொல்வதைத்தான் விருதுநகர், திருநெல்வேலிப் பக்கம் சீனி என்பார்கள். அங்கே சர்க்கரை என்று கேட்டால் நாட்டுச் சர்க்கரையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பால்கோவாவில் மிக முக்கியம். வெல்லத்தில் லேசான புளிப்புத்தன்மை உண்டு. கொதிக்கிற பாலில் வெல்லத்தைப் போட்டால் பால் திரிந்துவிடும். பாயசம் வைக்கிற எந்த அம்மாவைக் கேட்டாலும், ஆறின பிறகுதான் வெல்லமும் பாலும் சேர வேண்டும் என்பார்கள். திரட்டுப்பாலில் பால் நன்றாகக் கெட்டியான பிறகு வெல்லம் போடுவதற்கும் இதுதான் காரணம். பால்கோவாவுக்கு அப்படி இல்லை. பால் கொதிக்கும்போதே இனிப்பு சேர்ந்து, பாலும் அதுவும் ஒன்றாகச் சுண்ட வேண்டும். அதற்கு வெள்ளைச் சீனிதான் சரி.

வெள்ளைச் சீனி நம் நாட்டில் ரொம்பக் காலம் எல்லாருக்கும் எட்டுகிற பொருளாக இல்லை. நெல்லிக்குப்பத்தில் 1842-லேயே ஆலை வந்துவிட்டது என்றாலும், நாடு முழுவதற்கும் தேவையான சீனியில் பெரும்பகுதி ஜாவாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. 1932-ல் உள்நாட்டுச் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். இறக்குமதிக்கு வரி ஏறியது. சுமார் முப்பதாக இருந்த ஆலைகள் நாலைந்து வருஷத்தில் நூறைத் தாண்டின. அதன் பிறகுதான் சின்ன ஊர்க் கடைக்காரர்கூட மூட்டைக் கணக்கில் சீனி வாங்கி அடுப்பில் கொட்டுகிற நிலைமை வந்தது. பால்கோவா வியாபாரம் 1940-களில் தலைகாட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்க முடியவில்லை.

இரண்டாவது, ஆள். தென் மாவட்டங்களில் பழைய ஸ்வீட் ஸ்டால்களை இன்றும் "லாலா கடை" என்பார்கள். லாலா என்பது வட இந்தியாவில் வியாபாரிகளை மரியாதையாக அழைக்கும் சொல். திருநெல்வேலி அல்வாவுக்குப் பின்னால் இருப்பது வடக்கிலிருந்து வந்த சிங் குடும்பங்கள். சொக்கம்பட்டி ஜமீன்தார் காசிக்குப் போனபோது அங்கே சாப்பிட்ட இனிப்பில் மயங்கி, செய்தவரையே கையோடு கூட்டி வந்தார் என்று ஒரு கதையும் சொல்வார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் முதலில் கடை போட்டவர்களாகச் சொல்லப்படுவது இதே போல வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களைத்தான். "கோவா" என்ற சொல்லே வடக்கத்திச் சொல். ஹிந்தியில் கோயா, கோவா என்றால் சுண்டிய பால். பெயரின் முன்பாதி தமிழ், பின்பாதி ஹிந்தி. இரண்டையும் ஒட்டிவைத்தவர் யாரோ ஒரு லாலா கடை வாடிக்கையாளராகத்தான் இருக்க வேண்டும்.

இதே கதை கர்நாடகத்திலும் நடந்திருக்கிறது. தார்வாட் பேடா கேள்விப்பட்டிருப்பீர்கள், பழுப்பு நிறத்தில் உருண்டையாகச் சீனித்தூள் பூசி இருக்கும். அதை அங்கே கொண்டுவந்தது உத்தரப்பிரதேசத்தின் உன்னாவ் பக்கத்திலிருந்து, பிளேக் நோய்க்குப் பயந்து கிளம்பி வந்த ஒரு தாக்கூர் குடும்பம். அவர்களுக்கு எருமைப் பால் கிடைத்தது தார்வாட்டின் கவளி மக்களிடமிருந்து. வந்தவர் கையில் தொழில், இருந்தவர் வீட்டில் பால். ஊர் பெயர் மாறினாலும் கணக்கு ஒன்றேதான்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. பால். அதிலும் விற்காத பால்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மலையோரம் மேய்ச்சல் இருந்ததால் சுற்றுக் கிராமங்களில் மாடுகள் அதிகம். மாடு காலையும் கறக்கும், மாலையும் கறக்கும். காலைப் பால் காப்பிக்கும் டீக்கும் போய்விடும். மாலைப் பாலை என்ன செய்வது? நம் ஊர் வெயிலில் பச்சைப் பால் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் தாங்காது. 1927-ல் விருதுநகர் - தென்காசி ரயில் பாதை வந்துவிட்டது என்றாலும், குளிர்ப்பதன வசதி இல்லாத காலத்தில் பாலை ரயிலில் ஏற்றி என்ன ஆகப்போகிறது? மதுரை எழுபது எண்பது கிலோமீட்டர், சென்னை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். போய்ச் சேரும்போது தயிராகத்தான் இருக்கும்.

தயிராக்கலாம், வெண்ணெய் எடுக்கலாம், நெய் உருக்கலாம். அதெல்லாம் செய்தார்கள். ஆனால் நெய்யாக்கினால் பாலில் உள்ள கொழுப்பு மட்டும்தான் காசாகும், மிச்சமெல்லாம் மோராகப் போய்விடும். பால்கோவாவில் எதுவும் போவதில்லை. கொழுப்பு, புரதம், பாலில் இயற்கையாக உள்ள சர்க்கரை எல்லாமே சட்டியில் தங்கிவிடும். தண்ணீர் மட்டும்தான் ஆவியாகப் போகிறது.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து லிட்டர் பசும்பால் என்றால் எடை பத்து கிலோவும் கொஞ்சம் கூடவும். அதில் கிட்டத்தட்ட 87 சதவீதம் தண்ணீர். மீதித் திடப்பொருள் சுமார் ஒன்றேகால் கிலோ. அதோடு ஒன்றேகால் கிலோ சீனி. முழுசாகக் காய்ந்து பொடியாகிவிடாமல் கொஞ்சம் ஈரத்தோடு இறக்கினால் மூன்றேகால் கிலோ பால்கோவா நிற்கும். எட்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகியிருக்கும்! பத்துக் கிலோ எடையாக இருந்தபோது சாயங்காலத்துக்குள் கெட்டுப்போகிற பொருள், மூன்றேகால் கிலோவாகக் குறைந்த பிறகு ஒரு வாரம் தாங்குகிறது. பஸ்ஸில் ஏறுகிறது, ரயிலில் ஏறுகிறது. தண்ணீரை எடுத்துவிட்டுப் பாலைப் பார்சல் பண்ணியிருக்கிறார்கள். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்து ஃபிரிட்ஜ் அந்த இரும்புச் சட்டி.

செய்முறையில் ரகசியம் ஒன்றும் இல்லை. உடம்பு உழைப்புதான் அதிகம். விறகு அடுப்பில் தீ நின்று எரிய வேண்டும் (புளிய விறகு விசேஷம் என்பார்கள்). அகலமான சட்டியில் பாலை ஊற்றிச் சீனி சேர்த்து, நீளத் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரத்தில் படியும் ஏட்டைச் சுரண்டி நடுவில் தள்ள வேண்டும். ஒரு நிமிஷம் கை நின்றால் அடிப்பிடித்துக் கருகல் வாசனை முழுச் சட்டிக்கும் ஏறிவிடும். கொதிப்பின் கடைசியில் பாலின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து அந்த இளம் பழுப்பு நிறமும் மணமும் வரும். கலர் பொடி எதுவும் வேண்டாம். பால், சீனி, தீ, மனிதனின் தோள். வெயில் காலத்தில் அந்த அடுப்புக்கு முன்னால் நாலு சட்டி இறக்குகிறவரின் நிலைமையைச் சாப்பிடுகிறவர்கள் யாரும் யோசிப்பதில்லை.

இனிப்புக்காகப் பாலைச் செலவழிப்பது சரியா என்ற சண்டையும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. 1965-ல் மேற்கு வங்கத்தில் கடும் பால் தட்டுப்பாடு. குழந்தைகளுக்குப் பால் இல்லாதபோது ரசகுல்லாவும் சந்தேஷும் எதற்கு என்று, முதலமைச்சர் பிரபுல்ல சந்திர சென் அரசு, பாலைத் திரித்து எடுக்கும் சேனாவில் செய்யும் இனிப்புகளுக்குத் தடை போட்டது. வங்காளியிடம் ரசகுல்லாவைப் பிடுங்கினால் என்ன ஆகும்? மக்கள் கொந்தளித்தார்கள், இனிப்புக் கடைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1967 தேர்தலில் சென் தோற்றார். தோல்விக்கு அரிசித் தட்டுப்பாடு போலப் பெரிய காரணங்கள் இருந்தன. ஆனாலும் ரசகுல்லாவால்தான் தோற்றார் என்று சொல்வதில் ஒரு சுவை இருப்பதால் அந்தக் கதைதான் நிற்கிறது.

சென் கேட்ட கேள்வி தப்பில்லை. பதில்தான் தப்பு. இனிப்பை நிறுத்தினால் கிராமத்தில் மிஞ்சும் பால் தானாக நகரத்துக் குழந்தையிடம் நடந்து போய்விடாது. அதற்கு வழி வேண்டும், வண்டி வேண்டும், குளிரூட்டும் நிலையம் வேண்டும். அதைச் செய்தது 1970-ல் தேசிய பால்வள வாரியம் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம். குரியன் தலைமையில், குஜராத்தின் ஆனந்தில் ஓடிய கூட்டுறவு முறையை நாடு முழுக்கக் கொண்டு போனார்கள். முதல் கட்டத்தில் பால் கொண்டு சேர்க்கத் தேர்ந்தெடுத்த நாலு பெருநகரங்களில் சென்னையும் ஒன்று. தமிழ்நாட்டில் கிராமத்துக்குக் கிராமம் சங்கம் வந்தது, 1981-ல் மாநில இணையம் வந்தது, ஆவின் என்ற பெயர் வீட்டுக்கு வீடு பழகிப்போனது.

இதனால் பால்கோவா ஊருக்கு என்ன ஆனது? அடிப்படையே மாறிவிட்டது. முன்பு மாலைப் பாலுக்கு வாங்க ஆள் இல்லை, அதனால் பால்கோவா. இப்போது காலைப் பாலுக்கும் ஆள் இருக்கிறது, மாலைப் பாலுக்கும் ஆள் இருக்கிறது. சங்கத்தில் ஊற்றினால் கொழுப்பு எவ்வளவு, சத்து எவ்வளவு என்று பார்த்துக் காசு. ஆவின் 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 35 ரூபாய் ஆக்கியது, 2023 டிசம்பரில் 38 ரூபாய். அந்த 38-ஐ வைத்து மேலே போட்ட கணக்கைத் தொடர்ந்தால் பத்து லிட்டருக்கு 380 ரூபாய், சீனிக்கு ஐம்பது அறுபது. மூன்றேகால் கிலோவுக்குச் சரக்குச் செலவு 440 ரூபாய் போல, அதாவது கிலோவுக்கு 135 ரூபாய். விறகு, கூலி, வாடகை, பெட்டி எல்லாம் இதற்கு மேல். விற்காத பாலில் பிறந்த பண்டம், விற்கிற பாலோடு போட்டி போட்டுப் பால் வாங்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. (ஊரின் கூட்டுறவுப் பால் சங்கமே பால்கோவா செய்து விற்பது இந்தப் போட்டிக்கு நல்ல விடை. பாலுக்கும் இனிப்புக்கும் லாபம் ஒரே பையில் விழுகிறது.)

பால் விலை ஏறும்போது குறுக்கு வழியும் திறக்கும். கொழுப்பெடுத்த பால் பவுடர், வனஸ்பதி, கொஞ்சம் மைதா. சூடாக இருக்கும்போது நாக்கை ஏமாற்றிவிடும். மாவு கலந்திருந்தால் ஒரு சொட்டு அயோடின் விட்டால் நீலமாகும், வீட்டிலேயே பார்க்கலாம். பால் பவுடரை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதிலும் சென்னைப் புறநகரில், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆரம்பித்து உள் தெருக்கள் வரை "ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா" என்று போர்டு தொங்குகிறது. அதில் எத்தனை நிஜமாகவே அங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது 2019-ல். அந்த வருஷம்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 1999-ல் நிறைவேறி 2003-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அதே 2019-ல்தான். குறியீடு பெற்ற பெயரை, அந்த இடத்தில் செய்யாத சரக்குக்கு வைத்து விற்பது குற்றம். இதில் வங்காளமும் ஒடிசாவும் ரசகுல்லா யாருடையது என்று சண்டை போட்டு, 2017-ல் ஒருவருக்கும் 2019-ல் இன்னொருவருக்கும் தனித்தனியாகக் குறியீடு வாங்கியது தனிக் கூத்து.

புவிசார் குறியீடு எதைக் காப்பாற்றுகிறது என்று யோசித்தால் சுவாரஸ்யமாக இருக்கிறது. தொழில் வடக்கிலிருந்து வந்தது. சீனி எங்கோ ஆலையிலிருந்து வருகிறது. சட்டியும் துடுப்பும் எங்கேயும் கிடைக்கும். அந்த ஊருக்கென்று உள்ளது பாலும், எண்பது வருஷமாக அடுப்பு முன்னால் நின்று பழகிய கையும்தான். பால் விஷயத்தில் விளம்பரம் சொல்வது போல "மலையில் மூலிகை மேய்ந்த மாட்டின் பால்" என்பதை அப்படியே நம்புவது கஷ்டம். இன்று தமிழ்நாட்டில் கறக்கும் பாலில் பெரும்பகுதி வீட்டில் கட்டித் தீவனம் போடும் கலப்பின மாடுகளுடையது. மலையிலும் மேய விடுவது சுலபம் இல்லை. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று அந்தத் தடையைச் சுருக்கினார்கள், ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் மலை அந்தப் பட்டியலுக்குள்ளேயேதான் வருகிறது. புலிக்கு நல்லது. மலை மாடு வைத்திருப்பவருக்கு என்ன வழி என்பது வேறு விஷயம், அதை யாரும் பெட்டியில் அச்சடிப்பதில்லை.

அஸ்தினாபுரத்தில் ஒரு கடைக்காரர் நல்ல பாலை வாங்கி, நேர்மையாகக் காய்ச்சி, அருமையாகப் பால்கோவா செய்தால் அதை விற்கக் கூடாதா என்றால், தாராளமாக விற்கலாம். பால்கோவா என்ற சொல் யாருக்கும் சொந்தமில்லை. அதற்கு முன்னால் வரும் ஊர்ப் பெயருக்குத்தான் வேலி. ஆவின் பார்லரில் விற்கும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அரசாங்கத்தின் கூட்டுறவு நிறுவனம், பாலுக்குப் பஞ்சமில்லாத இடம். அதிலும் வெறும் பால்கோவா என்றுதான் போட்டிருக்கும்.